ஜூன் ஒன்றில் பிறந்தவர்கள்

நிலக்கோட்டைக்குப் பக்கத்திலிருந்த அந்தத் தொடக்கப் பள்ளியில் பாதிப் பிள்ளைகளுக்கு ஒரே பிறந்தநாள், ஜூன் ஒன்று. ஆண்டவன் கொடுத்த தேதியல்ல, தலைமையாசிரியை ஹாஃபிஸா டீச்சர் கொடுத்தது. பிறப்புச் சான்றிதழ் இல்லாமல் வருகிற பிள்ளைக்கு ஐந்து வயது முடிந்ததாக ஒரு தேதி போட்டுச் சேர்த்துக்கொள்வார். ஓய்வு பெற்ற அன்று மைக்கில் பெருமையாகச் சொன்னதும் அதைத்தான்.

"முப்பத்திமூணு வருசத்துல நான் படிச்ச பாடம் ஒண்ணுதான். பிள்ளைய எப்படியாச்சும் உள்ள இழுத்துப் போட்ருங்க. மிச்சத்தப் படிப்பு பாத்துக்கிரும்."

கைதட்டல் கூரையைப் பிய்த்தது.

அப்படி இழுத்துப் போட்டவர்களில் ஒருத்திதான் பவித்ரா. தைப்பூசத்தன்று, ஊரே பழனிக்கு நடந்து போயிருந்தபோது, மல்லித் தோட்டத்துக் குடிசையில் பிறந்தவள். எங்கும் பதியவில்லை. நாலு வயதில் தாய் மூக்காயி அவளை இடுப்பில் தூக்கி வந்து, "பூவெடுக்கப் போகணும் டீச்சர், பாத்துக்கிற ஆளில்ல" என்று அழுதாள். டீச்சர் அவள் வயதில் எட்டு மாதத்தைக் கூட்டி ஜூன் ஒன்று என்று போட்டார்.

அந்தப் பவித்ரா இப்போது காந்திகிராமத்தில் கல்லூரி முதல் வருடம் முடித்திருந்தாள். திடீரென்று ஒருநாள் போனில் விம்மினாள். "ஆனியில கல்யாணம் வச்சுட்டாக டீச்சர். நான் படிக்கணும். எனக்கு இன்னும் பதினெட்டே ஆகலையே!"

டீச்சர் உடனே குழந்தைகள் உதவி எண் 1098-க்குப் புகார் சொன்னார். விசாரிக்க நான்சி என்ற அதிகாரி வந்தார். டீச்சரும் வரிந்து கட்டிக்கொண்டு கூடவே போனார்.

அப்பா ஒச்சப்பன் பீரோவிலிருந்து ஒரு பிளாஸ்டிக் கவரை எடுத்து வந்து நீட்டினார். மார்க் ஷீட், ஆதார், டி.சி., எல்லாவற்றிலும் ஜூன் ஒன்று. பதினெட்டு முடிந்து ஒன்பது நாள் ஆகியிருந்தது.

"அது தப்பு மேடம். நான்தான் கூட்டிப் போட்டேன்!"

நான்சி அவரைப் பாவமாகப் பார்த்தார். "சரியான தேதிக்கு ஏதாச்சும் பேப்பர் இருக்கா டீச்சர்?"

இருந்தால்தானே.

நான்சி பவித்ராவிடம் திரும்பினார். "இஷ்டமில்லைன்னா நீயே சொல்லும்மா."

அவள் அப்பாவின் முகத்தைப் பார்த்தாள். "சம்மதம்தான்" என்று தரையைப் பார்த்துச் சொன்னாள். நான்சி எழுதிக்கொண்டு கிளம்பிவிட்டார்.

பாவி, என் கையாலேயே எழுதிக் கொடுத்துவிட்டேனே என்று டீச்சர் தன்னையே நொந்துகொண்டார். மூக்காயிக்கோ கோபமே இல்லை. கல்யாணப் பத்திரிகையை எடுத்து அவர் கையில் வைத்தாள்.

"அன்னைக்கு நீங்க எழுதுனதுதான் இன்னைக்கு எங்க மானத்தக் காப்பாத்துச்சு டீச்சர். நீங்க அவசியம் வரணும்."

சொல்லிவிட்டு உள்ளே போனாள். காப்பி கொண்டுவந்த பவித்ரா குனிந்து, அவருக்கு மட்டும் கேட்கும்படி சொன்னாள்.

"அந்த எட்டு மாசத்தத் திருப்பித் தர முடியாதா டீச்சர்?"

ஒன்றாம் வகுப்பில் சிலேட்டைக் காட்டிவிட்டு நிற்பாளே, அதேபோலப் பதிலுக்காக நின்றாள்.