தொண்ணூற்றெட்டு சதவீத இலக்கு

வேங்கிக்கால் ரேடியோ தொலைநோக்கி மனித குலத்தின் காது என்று இயக்குநர் கோதண்டராமன் மேடைதோறும் முழங்கி வந்தார். அந்தக் காது பாதி நாள் அடைத்துக்கொண்டு கிடந்தது. 1984-இல் தலைமையகம் பொறுமை இழந்தது. ஓராண்டுக்குள் சீர்படாவிட்டால் கருவி வேறு மாநிலத்துக்குப் போகும். இயக்குநர் பதவியும் கூடவே போகும்.

கோதண்டராமன் ஓர் இலக்கை வகுத்தார். வானத்தைக் கவனிக்க விஞ்ஞானி நேரம் கேட்கும்போதெல்லாம் கருவி தயாராக இருக்க வேண்டும்; நூறு முறை கேட்டால் தொண்ணூற்றெட்டு முறையாவது. இதைக் கண்காணிக்க மூன்று குழுக்கள் அமைத்து, மூன்றுக்கும் தாமே தலைவரானார். வாரமெல்லாம் கூட்டம் நடந்தது.

ஆண்டு முடிவில் பொறியாளர் ஆதிலட்சுமி, ஒரு முறைகூடத் தவறவில்லை, நூற்றுக்கு நூறு என்றாள். தொண்ணூற்றொன்பது என்றிருந்தால் அவர் மகிழ்ந்திருப்பார். நூறு என்றதும் சந்தேகம் பிடித்துக்கொண்டது. தன்னை மாட்டிவிடத்தான் இந்தப் பெண் இப்படிச் சொல்கிறாள் என்று தோன்றியது.

"ஏம்மா, தீபத்தன்னிக்கு என் வீட்ல டியூப்லைட்டே மினுக்கு மினுக்குனுச்சு. உன் மிஷின் மட்டும் எப்படி ரெடியா இருந்துச்சு?"

"அன்னிக்கு யாரும் கேக்கலீங்க சார்."

"மழையில கேபிள்ள தண்ணி பூந்துச்சே, அப்ப?"

"அப்பவும் கேக்கலீங்க."

மழுப்புகிறாள் என்று முடிவு கட்டினார். மதியம் சொல்லாமல் கொள்ளாமல் கருவி அறைக்குள் நுழைந்து, மேசைக்கு அடியில்கூடக் குனிந்து பார்த்தார். எல்லாம் கடையிலிருந்து அப்போதுதான் இறக்கியதுபோல் பளபளத்தது. அது சந்தேகத்தை இன்னும் ஜாஸ்தியாக்கியது.

மறுவாரம் தலைமையகத்திலிருந்து ஆய்வுக்குச் சக்கரவர்த்தி வந்தார். கோதண்டராமன் முந்திக்கொண்டார்.

"சார், இந்த நம்பர்ல எனக்கே நம்பிக்கை இல்ல. இந்தம்மா எதையோ மறைக்கிறாங்க. நீங்களே கேளுங்க."

சக்கரவர்த்தி ஆதிலட்சுமியின் பக்கம் திரும்பினார். "போன வருஷம் மொத்தம் எத்தினி தடவம்மா மிஷினைக் கேட்டாங்க?"

"கேக்கவே இல்லீங்க சார். அதான் ஒரு தடவகூட நாங்க முடியாதுன்னு சொல்லல."

"கேக்க வேண்டியவங்க எத்தினி பேரு இங்க?"

"ஒருத்தர்தாங்க. அவருக்கு மீட்டிங் ஜாஸ்தி."

நிலையத்தில் விஞ்ஞானி என்று இருந்தவர் கோதண்டராமன் மட்டும்தான்.