உப்புப் பிள்ளை

பிள்ளை வளர்க்கப் படிக்கலாம் என்று போன இடத்தில், கையில் ஒரு பை கல்லுப்பைத் தூக்கிக் கொடுத்தால் யாருக்குத்தான் எரிச்சல் வராது? அற்புதமணிக்கும் வந்தது. ஆனாலும் இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டாள். சர்டிபிகேட் வாங்கியாக வேண்டுமே!

விஷயம் இதுதான். வேலைக்குப் போகிற தாய்மாரின் பிள்ளைகளை மில்லர்புரத்தில் தன் வீட்டிலேயே வைத்துப் பகலெல்லாம் பார்த்துக்கொள்ள வேண்டும் என்று அவளுக்கு ஆசை. கேட்டவளெல்லாம், "ஒரு பிள்ளையப் பெத்து வளத்தவளா இவ?" என்று மூஞ்சிக்கு நேராகவே இழுத்தாள். அடிப்பாவிகளா, பெறாமல் போனது அவள் செய்த குற்றமா? அந்த சர்டிபிகேட் மட்டும் சுவரில் தொங்கட்டும், அப்புறம் எவள் வாயைத் திறக்கிறாள் என்று பார்க்கலாம். வீட்டிலும் ஒரு குழந்தைச் சத்தம் கேட்கும்.

பயிற்சி கொடுத்தது இந்துமதி டீச்சர். பழகுவதற்கென்று வாங்கிய பொம்மைகள் கப்பலில் வந்து, ஹார்பரில் கன்டெய்னருக்குள்ளேயே மாட்டிக்கொண்டன. அனுப்பினவன் பேப்பரில் என்னத்தை எழுதித் தொலைத்தானோ! டீச்சர் அசரவில்லை. தூத்துக்குடியில் எதற்குப் பஞ்சம் வந்தாலும் உப்புக்கு வருமா? ஆளுக்கொரு துணிப்பையில் கல்லுப்பை நிரப்பி, வாயைத் தைத்து, சட்டையும் தொப்பியும் மாட்டி, எடை போட்டுக் கொடுத்துவிட்டாள்.

"இன்னையிலேருந்து இது உங்க பொறுப்பு. குளிப்பாட்டுறத விட்டு மத்தது எல்லாம் செய்யணும். தனியா விடக் கூடாது. திரும்பக் கொண்டாரும்போது எடை பாப்பேன். குறைஞ்சிருந்தா ஃபெயில்."

"கூடியிருந்தா டீச்சர்?" என்று கேட்டாள் பக்கத்தில் இருந்த முருகேஸ்வரி.

"கூடுனா நல்லா வளத்திருக்கீங்கன்னு அர்த்தம்."

டவுன் பஸ்ஸில் கண்டக்டர், "லக்கேஜா, பிள்ளையா?" என்று குனிந்து பார்த்தார். "பிள்ளைதான்" என்றாள் அற்புதமணி, வருவது வரட்டும் என்று. அவர் தொப்பியைப் பார்த்தாரே தவிர, முகத்தைத் தேடவில்லை. "ஏலே, எந்திரி. கைப்பிள்ளையோட நிக்காங்க பாரு" என்று ஒருவனை எழுப்பி இடம் வாங்கிக் கொடுத்தார். இத்தனை வயதில் இப்படி ஒரு சீட் அவளுக்குக் கிடைத்ததே இல்லை. உப்பை மடியில் வைத்துக்கொண்டு ராணி மாதிரி வந்து இறங்கினாள்.

புருஷன் பொன்னுதுரை வாசலிலேயே தலையில் அடித்துக்கொண்டார். ஹார்பரில் மூட்டை ஏற்றி இறக்கி ரிட்டயர் ஆனவர். "ஏளா, உப்பு மூட்டையத் தூக்கித்தான் என் முதுகே போச்சு. நீ அத வீட்டுக்குள்ளயே கொண்டாந்துட்டியா?"

கடல் காற்று பட்டால் உப்பு சும்மா இருக்குமா? ஈரத்தைக் குடித்துக் கசிய ஆரம்பித்தது. சட்டை நனைய நனைய அவளும் மாற்றி மாற்றிப் போட்டாள். கொடியில் குட்டிக் குட்டிச் சட்டைகள் காய்வதைப் பார்த்துவிட்டு எதிர்வீட்டுக்காரி ஓடி வந்தாள்.

"யாரு பிள்ளை? பேரென்ன?"

அற்புதமணி விழித்தாள். உள்ளேயிருந்து பொன்னுதுரை, "பெவின்" என்றார்.

கல்யாணமான புதிதில் இரண்டு பேரும் பேசி வைத்த பெயர் அது. அதற்கப்புறம் இந்த வீட்டில் யாரும் அதை வாயால் சொன்னதில்லை. அற்புதமணி அடுக்களைக்குப் போய், கழுவி வைத்த பாத்திரத்தையே மறுபடியும் கழுவினாள்.

ஒரு நாள் அவரைக் காவலுக்கு வைத்துக் கடைக்குப் போய்விட்டு வந்தால், கட்டியிருந்த சேலைத் தொட்டிலில் பிள்ளையைக் காணோம். பதறியடித்து மாடிக்கு ஓடினாள். அங்கே பொன்னுதுரை அதைத் தோளில் போட்டுத் தட்டிக்கொண்டிருந்தார். "அங்கன தெரியுதுல்லா, அதான்டா கிரேன். தாத்தா வேலை பாத்த எடம்." அவளைக் கண்டதும் குரல் மாறிவிட்டது. "ஈரமா கெடந்துச்சு. வெயில் காட்டுதேன். அதுக்கு என்ன இப்ப?"

தாத்தாவாம்! சிரித்துக்கொண்டே போய்ப் பிள்ளையின் தொப்பியை வெயிலுக்கு இழுத்துவிட்டாள்.

அதே வாரம் முருகேஸ்வரி போனில் அலறினாள். "யக்கா, ஜன்னல்ல வச்சிட்டு அந்தப் பக்கம் திரும்புனேன், மாடு எம்பிள்ளைய நக்கிட்டு! பாதி உடம்பக் காணோம்!"

கடைசி நாள் வந்தது. தராசில் முருகேஸ்வரியின் பிள்ளை எலும்பும் தோலுமாகக் கிடந்தது.

"நிஜப் பிள்ளையா இருந்தா என்ன பண்ணியிருப்பீங்க?" என்றாள் டீச்சர்.

"நிஜப் பிள்ளைய மாடு ஏன் டீச்சர் நக்கப் போவுது?"

நியாயமான கேள்விதான். இருந்தாலும் ஃபெயில் ஃபெயில்தான்.

குடித்த ஈரத்தில் பெவினுக்கு எடை கூடியிருந்தது. வகுப்பே கைதட்டியது. "இன்னும் ஒரே ஒரு மார்க் பாக்கி" என்றாள் டீச்சர். "சாயங்காலமாச்சு, நான்தான் தாய், வந்துட்டேன். பிள்ளையத் திருப்பிக் குடுங்க."

மற்றவர்கள் மூட்டையைப் போடுகிற மாதிரி மேஜையில் பொத் பொத்தென்று போட்டார்கள். அற்புதமணியின் கை மட்டும் வரவில்லை. மார்போடு சேர்த்துப் பிடித்தபடி நின்றாள். பின்னாலிருந்து யாரோ கிளுக்கென்று சிரித்தார்கள்.

"குடுங்கம்மா. திருப்பிக் குடுக்கத் தெரியாதவங்க கையில எந்தத் தாயும் பிள்ளையக் குடுக்க மாட்டா."

அந்த வார்த்தை சுருக்கென்று தைத்தது. பொய்யா சொன்னாள்? தினமும் சாயங்காலம் ஒருத்தி வந்து நிற்பாள். தினமும் கொடுத்தாக வேண்டும். அதற்குத்தானே இந்தப் படிப்பு! அற்புதமணி பிள்ளையின் சட்டையை நீவிவிட்டாள்.

"இன்னைக்கு நல்லாத் தூங்குனான்" என்றாள். "மத்தியானம் கொஞ்சம் வேர்த்துச்சு, சட்டை மாத்திட்டேன். காத்து அடிக்கிற பக்கம் படுக்க வைக்காதீங்க. தோள்ல போட்டுத் தட்டுனா அவனுக்குப் பிடிக்கும்."

நீட்டினாள். இந்துமதி டீச்சர் ஒரு கையால் அடியையும் மறு கையால் தொப்பி இருந்த பக்கத்தையும் தாங்கி வாங்கிக்கொண்டாள். அறையில் இப்போது யாரும் சிரிக்கவில்லை. பாஸ்.

வெளியே ஸ்கூட்டர் பக்கத்தில் பொன்னுதுரை நின்றுகொண்டிருந்தார். அவள் நீட்டிய சர்டிபிகேட்டை அவர் பார்க்கவே இல்லை. அவள் வெறும் கையைத்தான் பார்த்தார்.

"குடுத்துட்டியா?"

"குடுத்தாச்சு."

சாவியைப் போட்டுத் திருகினார். அப்புறம் மெதுவாகக் கேட்டார்.

"அழுதானா?"

"அவன் எங்க அழுதான்" என்றாள் அற்புதமணி. "நாந்தான்."