நாலு மணிக் குளியல்

ரிமோட்டில் இருந்த எல்லாப் பொத்தானையும் நெனித்தா அழுத்திப் பார்த்துவிட்டாள். ஏசி அனல்காற்றைத்தான் ஊதியது. சவம் கிடக்கும் அறை குளுகுளுவென்று இருக்க வேண்டும் என்று சவப்பெட்டிக் கடைக்காரர் போனில் சொல்லியிருந்தார்.

"வெளியே ஆள் உயரத்துக்குப் பனி கெடக்கு. ஜன்னலத் தொறந்தா போச்சு, அதுக்கு எதுக்குக் கரண்ட்டு?" என்றபடி நாத்தனார் ஃபுசாயே ஜன்னலைத் தள்ளித் திறந்தாள். ஊதுபத்திப் புகை நெனித்தாவின் முகத்துக்கே வந்தது.

மாமனார் யோஷிசோ முகத்தில் வெள்ளைத் துணியோடு வடக்கே தலைவைத்துப் படுத்திருந்தார். காலையில் கஞ்சியோடு போய் எழுப்பியபோது எழவில்லை.

பிலிப்பைன்ஸிலிருந்து மருமகளாக வந்த புதிதில் நெனித்தாவைப் படாதபாடு படுத்தியது இந்த வீட்டுச் சாமான்கள்தான். சோற்றுக் குக்கர் பாடும், ஃபிரிட்ஜ் கோபித்துக்கொள்ளும், குளியல் தொட்டி பெண்குரலில் பேசும். அந்தக் குரலுக்கு அவள் "இதோ வர்றேன்க்கா" என்று பதில் சொன்னதை யோஷிசோ ஊர் முழுக்கச் சொல்லிச் சிரித்தார். அவளுக்கு இந்த வீட்டில் முதலில் பிடித்துப்போனது அந்தச் சிரிப்புதான்.

இதயம் பலவீனம், தொட்டிக் குளியல் கூடாது என்று டாக்டர் சொன்னதிலிருந்து கிழவர் நச்சரித்துக்கொண்டே இருந்தார். நேற்றும் கேட்டார்.

"ஊறப்போட்ட முள்ளங்கியாட்டம் நாறுறேன். தொட்டியில எறக்கி விடு."

"நாளைக்குப் பாக்கலாம் மாமா."

அந்த 'நாளைக்கு' காலையிலிருந்து அவள் தொண்டையில் மீன்முள்ளாக நின்றது.

"அக்கா, பெட்டி வர்றதுக்குள்ள நாமளே வெந்நீர் வச்சு மாமாவை நல்லாத் துடைச்சு விட்டுடலாமா?"

"அதெல்லாம் அந்தக் காலம். பெட்டியோட வர்ற ஆளு பஞ்சால ஒத்தி விட்டுடுவான்" என்றாள் ஃபுசாயே. "உனக்கு முறையும் தெரியாது. ஒண்ணு கெடக்க ஒண்ணு ஆயிடும்."

நெனித்தா கணவனைப் பார்த்தாள். கோஹெய் பாயைப் பார்த்துக்கொண்டிருந்தான். அக்கா பேசினால் அவன் வாய் திறந்ததாகச் சரித்திரம் இல்லை.

அப்போது சமையலறைச் சுவரில், குளியல் தொட்டிக்கான பொத்தான் பெட்டியிலிருந்து மெல்லிய இசை கேட்டது. பிறகு அந்தப் பெண்குரல், 'குளியல் தயாராகிவிட்டது' என்றது.

மூவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"யாரு போட்டது?"

தினமும்போல இன்றும் தொட்டியைத் தேய்த்து அடைப்பானை மாட்டியது நெனித்தாதான். கைக்கு வேறு வேலை தெரியவில்லை. ஆனால் வெந்நீர் நிரப்பும் பொத்தானை அவள் தொடவில்லை. கோஹெய் போய்ப் பார்த்துவிட்டு வந்தான். "நாலு மணிக்குன்னு டைமர் போட்டிருக்கு. நேத்து சாயங்காலம் அப்பா சுவத்தைப் புடிச்சுக்கிட்டு அங்க நின்னாரு. என்னப்பான்னு கேட்டேன். சும்மான்னாரு."

ஃபுசாயேவுக்கு முதலில் தோள்தான் குலுங்கியது. பிறகு வாய்விட்டே சிரித்தாள். "டாக்டரு, மருமக எல்லாரு கண்ணுலயும் மண்ணைத் தூவிட்டுக் குளிக்கப் பாத்திருக்கு கெழம்." மூவரும் கண்ணில் நீர் வரும்வரை சிரித்தார்கள். சாவு வீட்டில் என்ன சிரிப்பு என்று பக்கத்து வீட்டார் நினைத்திருப்பார்கள்.

"சரி, அவரே போட்ட தண்ணி. வீணாக்கக் கூடாது" என்று ஃபுசாயே கையை மடித்துவிட்டுக்கொண்டு குளியலறைக்குப் போனாள். தொட்டியிலிருந்து வெந்நீரை வாளியில் மொண்டு ஊற்றி, விளாவக் குழாயைத் திறக்கப் போனாள். நெனித்தா அவள் மணிக்கட்டைப் பிடித்தாள்.

"தலைகீழா செய்யணும்க்கா. பச்சைத்தண்ணி மொதல்ல, வெந்நீர் அப்புறம். செத்தவங்களுக்கு அப்படித்தான்."

ஃபுசாயே திகைத்தாள். "உனக்கு யாரு சொன்னா?"

"நீதான். நான் வந்த புதுசுல அப்படி விளாவிட்டேன்னு வீடே அதிரக் கத்துன. மாமா எட்டிப் பாத்து, 'அதுக்குள்ள என்னைக் குளிப்பாட்டப் போறியா, இன்னும் சாப்பிடவே இல்லியே'ன்னாரு."

ஃபுசாயே வாளியைக் கவிழ்த்துவிட்டு அவளிடம் நீட்டினாள். "நீயே செய்."

நெனித்தா விளாவினாள். துண்டை நனைத்துப் பிழிந்து, காதுமடல், கழுத்து மடிப்பு, கால்விரல் இடுக்கு என்று ஓர் இடம் விடாமல் துடைத்தாள். "இந்தக் காலைத் தூக்கு, அந்தப் பக்கம் திருப்பு" என்று அவள் அதட்ட, அக்காவும் தம்பியும் சொன்னபடி செய்தார்கள். கோஹெய் அப்பாவின் முடியை வாரிவிட்டான். கிழவர் பளிச்சென்று, திருவிழாவுக்குக் கிளம்பியவர்போல இருந்தார்.

"மொத ஆளு குளிச்சாச்சு" என்றாள் ஃபுசாயே, துண்டை உதறியபடி. "அடுத்து நீ போ. ராத்திரி கண்ணு முழிக்கணும்."

"நானா? நான் எப்பவும் கடைசியாத்தானே."

"போன்னா போ."

ஒரே தொட்டி நீரில் எல்லோரும் முறைவைத்துக் குளிக்கும் வீட்டில் மருமகளின் முறை வரும்போது நீர் வெதுவெதுப்பாகத்தான் இருக்கும். நெனித்தா மேலுக்குத் தண்ணீர் ஊற்றிக் கழுவிக்கொண்டு தொட்டிக்குள் கால் வைத்தாள். சுரீரென்றது. கிழவர் இந்தச் சூட்டிலா குளித்தார்?

பல்லைக் கடித்துக்கொண்டு கழுத்துவரை இறங்கினாள். நீர் விளிம்பு தாண்டி வழிந்தது. உடம்பெல்லாம் சிவந்துகொண்டு வந்தது. பச்சைத்தண்ணீர்க் குழாய் கைக்கெட்டும் தூரத்தில்தான் இருந்தது. அவள் அதைத் திறக்கவில்லை.