தம்ளர் பக்கத்தில் வைக்காத காசு

1

இந்தக் கதை கோபத்தில் பிறந்தது. போன வாரம் தஞ்சாவூர் ஓட்டல் ஒன்றில் பரிமாறியவருக்கு நான் நூறு ரூபாய் வைத்தேன். பேத்தி பார்த்துவிட்டாள்.

"பாட்டி, சர்வருங்கன்னா உனக்கு எவ்ளோ பிரியம்! எங்க அப்பார்ட்மெண்ட் மலருக்கு அதப் பத்தி ஒரு கதை எழுதேன். அன்பா, இதமா."

எழுதுகிறேன். இதமாக வருமா என்று தெரியாது. ஒழுங்கான எழுத்துத் தமிழில்தான் எழுதப் பார்க்கிறேன். (நடுவுல வாய் சும்மா இருக்காது. அதுக்குத்தான் இந்த அடைப்புக்குறி. போன்ல ஒத்த விரலால தட்டறேன், தப்பு இருந்தா பொறுத்துக்குங்க.)

2

முதல் தொடக்கம்: "காவிரி கடலோடு கலக்கும் நாகப்பட்டினத்தில், ஒரு மாலைப் பொழுதில்—"

(அடிச்சிட்டேன். காவிரி அங்க எங்க கலக்குது? அதோட அது மத்தியானம். வெயில் மண்டையப் பொளந்துச்சு.)

இரண்டாவது தொடக்கம்: "பஞ்சநதம் கொடுமைக்கார மிராசுதார்."

(இதுவும் வேணாம். இப்படி ஆரம்பிச்சா மொத்தப் பழியும் அவர் தலையில போயிடும். எனக்கு அது ரொம்ப வசதி.)

மூன்றாவது: 1970. நில உச்சவரம்பை அரசாங்கம் குறைத்த வருடம். நன்னிலம் பக்கத்து மிராசுதார் பஞ்சநதம், வரம்புக்கு மேல் இருந்ததையெல்லாம் ஆள் ஆளாகப் பெயர் மாற்றிக்கொண்டிருந்தார். இரண்டு வேலி நிலத்தை, பதிமூன்று ஏக்கருக்கு மேல் வரும், புது மருமகள் பிரகதாம்பாள் பேரில் எழுத, அவளை நாகப்பட்டினத்து வக்கீல் வீட்டுக்குக் கூட்டிப்போனார். அவளுக்கு இருபது வயது. காட்டிய இடத்தில் எல்லாம் கையெழுத்துப் போட்டாள்.

(பிரகதாம்பாள் நான்தான். 'அவள்'னு எழுதினா கொஞ்சம் தள்ளி நிக்கலாம்னு பாத்தேன். இனிமே 'நான்'.)

3

கையெழுத்து முடிந்ததும் காயாரோகணம் ஓட்டலுக்குச் சாப்பிடப் போனோம். பரிமாறியவரை எல்லோரும் நடராசன் என்று கூப்பிட்டார்கள். மாமனார் மட்டும் பெயர் சொல்லிக் கூப்பிடவில்லை. விரலைச் சொடுக்கினார்.

"டேய், சாம்பாரு!"

"இந்தாங்கய்யா."

"ஆறிப்போச்சேடா. நேத்து வெச்சதா, போன அமாவாசைக்கு வெச்சதா?"

மாமனார் எதிரில் வாயில் சோறு வைக்க எனக்குக் கூச்சம். இலையில் அளைந்துகொண்டிருந்தேன். நடராசன் அதைக் கவனித்தார். ரச வாளியோடு வந்து, மாமனார் பார்வையை மறைத்தாற்போல் நின்றுகொண்டார்.

"இன்னும் கொஞ்சம் விடட்டுங்களாம்மா? அவசரமில்ல, நிதானமா சாப்பிடுங்க."

கல்யாணமான நான்கு மாதத்தில் என்னிடம் அப்படிச் சொன்னவர் அவர் ஒருவர்தான்.

அவருடைய கண்களில் தெரிந்த கருணை—

(பொய். நான் முகத்தையே பாக்கல. வேட்டி ஓரத்துல சாம்பார் கறை இருந்துச்சு, அது நினைவிருக்கு. முகம் தெரியாது. மாமனாரும் பாக்கல. பரிமாற வந்தவன் மூஞ்சிய யாரு பாத்தா?)

4

எழுந்திருக்கும்போது நான்தான் சொன்னேன். "மாமா, அவருக்கு ஏதாவது குடுக்கணும்."

மாமனார் சிரித்தார். "இன்னைக்கி நீதானம்மா மிராசு! உன் கையால குடு." ஒரு நாலணாவை என்னிடம் கொடுத்தார்.

ஓட்டல் வழக்கம், காசைத் தம்ளர் பக்கத்தில் வைத்துவிட்டுப் போவது. இலை எடுக்க வருபவர் எடுத்துக்கொள்வார். எனக்குத் தெரிந்த வழக்கம் வேறு. எங்கள் வீட்டில் பண்ணையாளுக்குக் கொடுப்பதென்றால், கை படாமல் மேலேயிருந்து போட வேண்டும். வாங்குபவர் ஓரடி பின்வாங்கி, தோள் துண்டை இடுப்புக்கு இறக்கி, இரண்டு கையையும் குவித்து ஏந்த வேண்டும். கொடுப்பது என்றால் அதுதான் என்று பார்த்து வளர்ந்தவள்.

"இந்தாப்பா" என்று சிரித்துக்கொண்டே கையை உயர்த்தினேன்.

நடராசன் ஓரடி பின்வாங்கினார். துண்டு இடுப்புக்கு இறங்கியது. கைகள் குவிந்தன. காசு விழுந்தது.

அப்புறம்தான் அவர் தன் கைகளைப் பார்த்தார். மாமனாரும் பார்த்தார்.

"எந்த ஊருடா நீ?"

"நாகப்பட்டினந்தாங்க."

"இந்த ஊர்க்காரனுக்குத் துண்டு இப்புடி எறங்காதே. நிமிர்றா… அய்யாவு மவன் மருதையன்தானே நீ? ஏழு வருசத்துக்கு முந்தி பண்ணைய விட்டு ஓடுன பய, எனக்கே சோறு போடறியா?"

கல்லாவிலிருந்து முதலாளி காயாரோகணம் ஓடி வந்தார். சேரிப் பிள்ளை பரிமாறுகிறான் என்று தெரிந்தால் ஓட்டல் காலியாகிவிடும் காலம் அது.

"ஐயா, நம்ம ஆளுன்னு சொல்லில்ல சேந்தான்! டேய், பின்வாசல் வழியா போயிடு. இந்தப் பக்கம் தல காட்டாத!"

பெயரை, ஊரை, தெருவை மறைத்து ஏழு வருடம் கட்டிய பிழைப்பு. என் அன்பு ஒரு நொடியில் முடித்துவைத்தது. சாப்பிட்டுக்கொண்டிருந்தவர்கள் தலையைக் குனிந்து இலையைப் பார்த்துக்கொண்டார்கள். நானும்தான்.

5

முடிவு அ: மருதையன் காசை மாமனார் முகத்தில் வீசுகிறார். (கைதட்டலாம். ஆனா வீசல.)

முடிவு ஆ: விவசாயச் சங்கத்தில் சேர்ந்து, செங்கொடியோடு எங்கள் வாசலுக்கே கூலி கேட்டு வருகிறார். (கொடியோட நிறைய பேர் வந்தாங்க. ஜன்னல் வழியா தேடினேன். முகம் தெரியாம என்னத்தத் தேடறது?)

முடிவு இ: போன வாரம் தஞ்சாவூரில் பரிமாறியவர் அவருடைய பேரன். (பேத்திக்கு இதுதான் புடிக்கும். தூ.)

நடந்தது இவ்வளவுதான். மருதையன் அந்த நாலணாவை என் தம்ளர் பக்கத்தில் வைத்தார். சத்தமே வராமல் வைத்தார். பின்வாசல் வழியாகப் போனார்.

"எடுத்துக்கம்மா, காசு என்ன பாவம் பண்ணுச்சு" என்றார் மாமனார்.

எடுத்துக்கொண்டேன்.

(இந்த வரிய அம்பத்தஞ்சு வருசமா யார்கிட்டயும் சொன்னதில்ல. அந்த ரெண்டு வேலியும் இன்னும் என் பேர்லதான் கெடக்கு. அதையும் சேத்து எழுதிக்குங்க.)

6

மலருக்கு இதமான கதைதான் வேண்டுமென்றால், பேத்தியே, ரசம் விடட்டுமா என்று அவர் கேட்ட இடத்தோடு நிறுத்திக்கொள்.

மற்றவர்கள் பின்வாசலுக்கு அந்தப் பக்கம் என்ன நடந்தது என்று எழுதிக்கொள்ளலாம். எனக்குத் தெரியாது, நான் போய்ப் பார்க்கவில்லை. ஆனால் அவர் என்னை மன்னித்துவிட்டதாக முடிப்பவர் யாரும் என் வீட்டுப் படி ஏற வேண்டாம்.