ஆறாவது முழங்கை

இந்தக் காலத்து ஆட்களுக்கு வயது மட்டும்தான் ஏறுகிறது, வேறொன்றும் ஏறுவதில்லை என்பது தச்சர் எப்போதோ கண்ட முடிவு. காதோரம் நரைத்திருக்கும். பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்தில் சேர்க்க நாயாய் அலைவார்கள். ஆனால் விடுமுறை நாள் வந்தால் போதும், விரல் நீளக் கப்பலையும் சுண்டைக்காய் அளவு கோட்டையையும் வைத்துக்கொண்டு ஒருவர் தேசத்தை ஒருவர் பிடிப்பார்கள். அதற்குத் தனியாக ஒரு மேசை வேண்டுமாம். சாப்பாட்டு மேசை ஆகாதாம்.

“ஏன், தரை என்ன பாவம் பண்ணுச்சு? தரையில உட்கார்ந்து விளையாட வேண்டியதுதானே?” என்று முதல் நாளே கேட்டுவிட்டார்.

“முதுகு பிடிச்சுக்குது பெரியவரே,” என்றார் பல் டாக்டர்.

“அப்ப விளையாடுற வயசு போயிடுச்சுன்னு அர்த்தம்.”

எல்லோரும் சிரித்தார்கள். தச்சர் சிரிக்கவில்லை. சிரிக்கிறதற்காக அவர் அதைச் சொல்லவில்லை.

மேசை செய்யச் சொன்ன வீட்டுக்காரியை எல்லோரும் ‘அக்கா’ என்றுதான் கூப்பிட்டார்கள். அதிகம் பேசாத மனுஷி. கூடத்தில், கழற்றிய பழைய கதவொன்றை இரண்டு இரும்புப் பெட்டிகள்மேல் போட்டு, அதன்மேல் கையால் வரைந்த பெரிய வரைபடத்தை விரித்திருந்தாள். நடுவில் நீலக் கடல், சுற்றிலும் தீவுகள். ஒவ்வொரு துறைமுகத்திலும் மரக் கப்பல்கள் நின்றன. ஆட்டம் பாதியில் இருக்கிறது என்பது பார்த்தாலே தெரிந்தது.

“இது என் தம்பி உண்டாக்கின ஆட்டம்,” என்றாள் அக்கா. “படமும் அவன் போட்டதுதான். போன வருஷம் செத்துப்போயிட்டான். கடைசியா ஆடின அன்னைக்கு அவனோட முறை. கப்பலை நகர்த்தணும். யோசிச்சுட்டு அடுத்த வாரம் சொல்றேன்னு எழுந்து போனான். அதுக்கப்புறம் வரல.”

“சரி. அவருக்குப் பதிலா வேற யாராவது நகர்த்தலாமே?”

யாரோ ஊசியால் குத்தியதுபோல, விளையாட வந்திருந்த நாலு பேரும் ஒன்றாக நிமிர்ந்தார்கள்.

“அடுத்தவங்க காயைத் தொடக்கூடாது பெரியவரே,” என்றார் கணக்கு டீச்சர். “எங்ககிட்ட இருக்கிற ஒரே சட்டம் அதுதான். ஆள் வர்ற வரைக்கும் ஆட்டம் நிக்கும்.”

“ஆள்தான் வரமாட்டாரே.”

அக்காதான் பேசினாள். “அதனாலதான் புது மேசை. அஞ்சு பேருக்கு. அஞ்சே அஞ்சு. அது வர்ற அன்னைக்கு இந்தப் படத்தைச் சுருட்டி வச்சிடுவேன். ஒரு வருஷமா தூசி தட்டிக்கிட்டு, இதைத் தாண்டித் தாண்டி நடந்துக்கிட்டு... போதும்.”

போதும் என்று வாய்தான் சொன்னது. கை, வரைபடத்தின் சுருண்ட ஓரத்தை நீவி நீவி நேராக்கிக்கொண்டிருந்தது.

என்ன வேண்டும் என்பதில் குழப்பமில்லை. மேசையின் நடுப்பகுதி ஒரு சாண் பள்ளமாக இருக்க வேண்டும். பள்ளத்தின் தரையில் கம்பளித் துணி ஒட்ட வேண்டும், பகடை உருண்டால் சத்தம் வராது. சுற்றிலும் முழங்கை ஊன்ற அகலமான விளிம்பு. ஆளுக்கொரு இழுப்பறை. தம்ளர் வைக்கும் வளையம் விளிம்புக்குக் கீழே, கை பட்டுக் காபி கொட்டினாலும் கடலில் கொட்டாதபடி. வேளைக்குச் சாப்பிட வேண்டுமென்றால் ஆட்டத்தைக் கலைக்காமல் மேலே பலகைகளால் மூடிக்கொள்ளலாம்.

“எல்லாரும் அவங்கவங்க இடத்துல உட்காருங்க,” என்றார் தச்சர்.

அளவுநாடாவை அவர் நம்புவதில்லை. எண்ணைப் படிக்கையில் ஒரு பொய் நுழையும், அதை மனதில் வைக்கையில் இன்னொன்று, மரத்தில் போடுகையில் இன்னொன்று. அவரிடம் இருந்தது ஒரு நீளக் குச்சி. உட்கார்ந்தவர் விளிம்பில் முழங்கையை ஊன்றிக் கையை நடுவை நோக்கி நீட்ட வேண்டும். குச்சியைக் கையோடு சேர்த்துப் பிடித்து, முழங்கை வந்த இடத்தில் கத்தியால் ஒரு வெட்டு. வலது கைக்காரர் என்றால் குச்சியின் வலது ஓரத்தில், இடது கைக்காரர் என்றால் இடது ஓரத்தில். அளவெடுக்கும்போது யார் முகத்தையும் பார்க்கிற பழக்கம் அவருக்கு இல்லை. முகம் பொய் சொல்லும், முழங்கை சொல்லாது.

குனிந்தபடியே மேசையைச் சுற்றி வந்தார். பஸ் டிரைவருக்கு முழங்கை அகலம். பல் டாக்டர் கையில் கிராம்பு வாசனை. மருந்துக்கடைக்காரர் கை நீட்டச் சொன்னதும் கூச்சத்தில் நெளிந்தார்; “பொண்ணு பார்க்க வந்த மாதிரி நெளியாதய்யா,” என்று டீச்சர் சீண்டினார். அப்புறம் டீச்சர். அப்புறம் அக்கா. ஜன்னலை ஒட்டி இன்னொரு கை. வெயில் கண்ணில் அடித்தது. அந்தக் கை ஒரு கப்பலைப் பிடித்தபடி அந்தரத்தில் நின்றது.

“காயைக் கீழே வைப்பா. கையை நீட்டு,” என்றார்.

கை கப்பலை வைத்தது, நீண்டது. இடது கை. பொத்தான் போடாத சட்டைக் கை. கட்டைவிரல் நகத்தில் நீல மை. குச்சியைச் சேர்த்துப் பிடித்தபோது சில்லென்றிருந்தது; காத்தாடிக்கு நேர் கீழே உட்கார்ந்தால் அப்படித்தான் என்று நினைத்துக்கொண்டு, குச்சியின் இடது ஓரத்தில் வெட்டினார்.

பட்டறைக்கு வந்து எண்ணியபோது வெட்டு ஆறு இருந்தது.

அஞ்சு என்றார்கள், ஆறு பேர் உட்கார்ந்தார்கள். இதிலென்ன அதிசயம்? நாலு பேருக்குக் கட்டில் என்று சொல்லிவிட்டு ஏழு பேர் படுக்கிற வீடுகளை அவர் பார்த்திருக்கிறார். வாய் சொல்கிற எண்ணை நம்பி மரத்தை அறுக்கிறவன் மடையன். குச்சி என்ன சொல்கிறதோ அதுதான் கணக்கு. ஆறு இடம் போட்டார், ஆறு இழுப்பறை செய்தார்.

ஐந்து இழுப்பறைகள் புது இழுப்பறைக்கே உரிய முரண்டோடு ஓடின. ஜன்னல் பக்கத்து ஆறாவது மட்டும், இழைப்புளி சரியாகப் படுவதற்கு முன்பே வெண்ணெய்போல ஓடியது. மூடிவிட்டுத் திரும்பினால் முதுகுக்குப் பின்னால் மெதுவாகத் திறந்துகொள்ளும். தரை சாய்ந்திருக்குமோ என்று ஒரு கோலிக்குண்டை வைத்துப் பார்த்தார். குண்டு வைத்த இடத்திலேயே நின்றது. “ஈரக் காத்து,” என்றார் உரக்க. பட்டறையில் வேறு யாரும் இல்லை. காற்றிலும் ஈரமில்லை.

வேலை முடியப்போகும் நேரத்தில் பஸ் டிரைவரிடமிருந்து போன் வந்தது.

“பெரியவரே, கோவிச்சுக்காம சொல்லுங்க. அளவெடுக்க வந்த அன்னைக்கு ஏதாவது காயைத் தொட்டீங்களா?”

“என்னை என்னன்னு நினைச்சே? எலி மாதிரி அடுத்தவன் சாமானை உருட்டுறவன்னா?”

“அதுக்கில்லை. தம்பியோட கப்பல் நகர்ந்திருக்கு. அக்காவோட துறைமுகத்துல நின்னுச்சு, இப்ப நடுக்கடல்ல நிக்குது. அன்னைக்குத்தான் நடந்திருக்கு. அக்கா அப்புறம் யாரையுமே வீட்டுக்குள்ள விடல. செத்தவன் காயைத் தொட்டது யாருன்னு தெரியணும், இல்லேன்னா இத்தோட எல்லாரும் அவங்கவங்க வழியைப் பார்த்துக்கங்கன்னுட்டாங்க. பல் டாக்டரு டீச்சரைச் சொல்றாரு, டீச்சரு என்னைச் சொல்றாங்க. பன்னெண்டு வருஷப் பழக்கம் பெரியவரே. நாறிக்கிட்டிருக்கு. மேசை வர்ற அன்னைக்குக் கடைசியா கூடுறோம்.”

பழியைத் தன் தலையில் கட்டப் பார்க்கிறார்கள் என்று தச்சருக்குப் புரிந்துபோயிற்று. படித்தவர்கள் சண்டை போட்டால் கடைசியில் கூலிக்காரன்தான் திருடன். மேசையை வண்டியில் ஏற்றும்போதே, என்ன கேட்டால் என்ன சொல்வது என்று வாய்க்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டார்.

பட்டப்பகல். கூடத்தில் நல்ல வெளிச்சம். கால்களைப் பூட்டி, விளிம்பைப் பொருத்தி, துணியைத் துடைத்துவிட்டு அவர் விலகி நின்றபோது ஒருவரும் ‘நல்லாயிருக்கு’ என்று சொல்லவில்லை. மேசையைச் சுற்றி நின்று இழுப்பறைகளை எண்ணினார்கள்.

“ஆறு இருக்கு,” என்றார் மருந்துக்கடைக்காரர்.

“ஆறு பேர் இருந்தீங்க, ஆறு இருக்கு,” என்றார் தச்சர்.

அக்கா ஜன்னல் பக்கத்து இடத்துக்குப் போனாள். தம்ளர் வளையம் அங்கே மட்டும் இடது பக்கம் இருந்தது. இழுப்பறையின் கைப்பிடியும் இடது கைக்குத் தோதாக. அவள் அதைத் தொடவில்லை. தொடாமலே குனிந்து பார்த்தாள்.

“இடது கைன்னு உங்களுக்கு யார் சொன்னது?”

“யாரும் சொல்லல. குச்சி சொல்லுச்சு.”

“யாருடா சொன்னது?” என்று அக்கா திரும்பிய வேகத்தில் நாலு பேரும் பின்வாங்கினார்கள். “காயை நகர்த்தினது போதாதா? இவர்கிட்ட சொல்லி அவனுக்கு இடமும் போடச் சொன்னீங்களா? நான் என்ன பாடு படுறேன்னு தெரியாதா உங்களுக்கு?”

“அக்கா, சத்தியமா இல்லக்கா,” என்றார் பஸ் டிரைவர்.

தச்சருக்குப் பொறுக்கவில்லை. “ஏம்மா, எதுக்கு இவங்களைப் போட்டு வதைக்கிறே? அந்த ஆளைக் கூப்பிட்டுக் கேளு. ஜன்னல்கிட்ட உட்கார்ந்திருந்தானே, அவன் கையிலதான் கப்பல் இருந்துச்சு. அளவெடுக்கணும், கீழே வைப்பான்னேன். வச்சான். நான் ஏன் பொய் சொல்லணும்?”

நாலு பேரும் ஜன்னல் பக்கத்து நாற்காலியைப் பார்த்தார்கள்.

டீச்சர்தான் மெதுவாகச் சொன்னார். “அன்னைக்கு நீங்க அந்தக் காலி நாற்காலிகிட்ட குனிஞ்சு ஏதோ முணுமுணுத்தீங்க. வயசானவர், தனக்குத்தானே பேசிக்கிறார்னு... நாங்க ஒருத்தரை ஒருத்தர் பார்த்துச் சிரிச்சோம்.”

“காலி நாற்காலியா? எனக்குப் பார்வை போகல டீச்சரம்மா.”

“ஆள் எப்படி இருந்தான்?” என்று கேட்டாள் அக்கா.

ஆறுதலாக ஏதாவது சொல்லியிருக்கலாம். வேறு யாராக இருந்தாலும் சொல்லியிருப்பார்கள். தச்சருக்கு அந்த வித்தை வராது. “முகத்தை நான் பார்க்கல. பார்த்தது கையைத்தான். சட்டைக் கைக்குப் பொத்தான் போடல. கட்டைவிரல் நகத்துல நீல மை.”

அக்கா நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள். வரைபடத்துக் கடலை அவன் கட்டைவிரலால்தான் தேய்த்துத் தேய்த்து நீலமாக்கினான் என்பதைப் பல் டாக்டர் பிறகு சொன்னார். தச்சர் தலையை ஆட்டிவைத்தார், அவ்வளவுதான்.

“கப்பலை எங்கே வச்சான்? நீங்களே காட்டுங்க,” என்றாள் அக்கா.

பழைய கதவின்மேல் இன்னும் விரிந்துகிடந்த வரைபடத்தில், தொடாமல், தச்சர் விரலை நீட்டிக் காட்டினார். கப்பல் நின்ற அதே இடம். எல்லாத் தீவுகளையும் விட்டுத் தள்ளி, ஓரத்தைப் பார்த்த கடல்.

“என் துறைமுகத்துலயே நிப்பான்னு நினைச்சேன்,” என்றாள் அவள். “நான்தான் துரத்துறேன்னு நினைச்சேன். மேசைக்குச் சொன்ன நாள்லேர்ந்து எனக்குத் தூக்கமில்லை. அவன் பாட்டுக்குக் கிளம்பிட்டான்.” கண்ணைத் துடைத்துக்கொண்டாள். “சரி. அவன் முறை முடிஞ்சுது. அடுத்தது யாரு?”

ஒருவரையொருவர் பார்த்தார்கள். “உங்க முறைதான்க்கா,” என்றார் பஸ் டிரைவர். “ஒரு வருஷமா காத்துக்கிட்டிருக்கிற முறை.”

நாலு பேர் நாலு மூலையை விறைப்பாக இழுத்துப் பிடித்து, ஒரு காய்கூட அசையாமல், வரைபடத்தைப் பள்ளத்துக்குள் இறக்கினார்கள். அவரவர் இடத்தில் உட்கார்ந்தார்கள். முழங்கைகள் விளிம்பில் அச்சாகப் பொருந்தின. ஆறாவது இடத்தை என்ன செய்வதென்று தெரியாமல் எல்லோர் கண்ணும் அங்கேயே போய்ப் போய் வந்தது.

“வேண்டாம்னா சொல்லுங்க, பலகை போட்டு அடைச்சுத் தர்றேன்,” என்றார் தச்சர்.

“இருக்கட்டும்,” என்றாள் அக்கா. “புதுசா யாராவது வந்தா உட்காரட்டும்.”

“அப்ப நொட்டாங்கைக்காரனா பார்த்துப் பிடிக்கணும்,” என்றார் பல் டாக்டர். சிரிப்பு வந்தது, பாதியில் நின்றது, அப்புறம் மறுபடி வந்தது. அக்கா பகடையை உருட்டினாள். கம்பளித் துணிமேல் அது சத்தமில்லாமல் உருண்டது. அது நின்ற பிறகு இன்னொரு பகடை உருண்டு நின்றதுபோலத் தச்சரின் காதுக்குத் தோன்றியது. அவர் காதைக் குடைந்துகொண்டார்.

பையைத் தூக்கித் தோளில் மாட்டிக்கொண்டு தெருவில் இறங்கினார். ஏமாற்றுகிறார்கள். அன்றைக்கு ஆறு பேர் இருந்தார்கள், அதில் மாற்றமில்லை. எவனோ ஒரு சொந்தக்காரப் பயல் வேடிக்கைக்கு உட்கார்ந்து, கப்பலை நகர்த்திவிட்டு, சண்டை முற்றியதும் நழுவிவிட்டான். இவர்கள் அவனை மறைக்கிறார்கள். மறைத்துக்கொண்டு அழவும் செய்கிறார்கள். இந்தக் காலத்து ஆட்களுக்கு அழுவதற்குக்கூட ஒரு ஆட்டம் வேண்டியிருக்கிறது.

திறந்த ஜன்னல் வழியே, உட்கார்ந்திருப்பவர்களின் தலைகள் தெருவிலிருந்து தெரியும். ஒரு தடவை திரும்பி எண்ணிப் பார்க்கலாம். கழுத்து திரும்பப் பார்த்தது. அவர் திரும்ப விடவில்லை.

பைக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்த அளவுக் குச்சி காதில் இடித்தது. எடுத்துக் கையில் பிடித்தார். இடது ஓரத்து வெட்டின் பக்கத்தில், பட்டறையில் பார்த்தபோது சாக்குக்கட்டித் தூள் என்று விட்டுவிட்ட நீலத் தீற்றல். விரலால் தேய்த்தார். விரல் நீலமாயிற்று. ஈரமான நீலம்.

கொஞ்ச நேரம் அதையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு விரலைக் கால்சட்டையில் துடைத்தார்.

“மட்டமான மை,” என்றார். “இப்ப வர்ற மை ஒண்ணுகூடக் காயறதில்லை.”

நடையைக் கட்டினார்.