மடை அடைக்காத ஊர்

தம்பியின் பாடை வாய்க்கால் கரையில் நின்றுவிட்டது. சங்கு ஊதியவரும் நிறுத்திக்கொண்டார். முன்கொம்பைத் தோளில் தாங்கியிருந்த பேயாண்டி குனிந்து பார்த்தார். சுடுகாட்டுப் பாதையை அறுத்துக்கொண்டு முழங்கால் ஆழத்துக்குத் தண்ணீர் ஓடியது.

அவருக்கு முகம் கறுத்தது. அப்பா இறந்தபோது கண்மாய் மடையை அடைத்து, நீர் வடிந்த வாய்க்காலில் பாடையைக் கடத்தினார்கள். திருவாதவூர்ப் பக்கத்தில் வேறெந்த வீட்டுக்கும் கிடைக்காத மரியாதை அது. அப்பேர்ப்பட்ட வீட்டுப் பிள்ளை தம்பி தங்கப்பாண்டி. நேற்று மாலை நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாயும்வரை கண்மாய்ச் சங்கத்துக்குத் தலைவனாக இருந்தவன்.

வயல்களுக்கு முறைவைத்துத் தண்ணீர் திறந்துவிடும் நீர்ப்பாய்ச்சியான காளை கரையில் நின்றான். அவனிடம் பேயாண்டி மடையை அடைக்கச் சொன்னார்.

காளைக்கு அழுது கண் வீங்கியிருந்தது. “இன்னைக்குக் கடைமடைக்காரங்க முறைண்ணே. கதிரு பால் பிடிக்கிற நேரம். இப்ப அடைச்சா அம்புட்டும் பதராப் போயிரும்.”

“செத்தது யாருன்னு தெரியுமில்ல?”

“எந்தச் சாவுக்கும் மடைய அடைக்கக் கூடாதுன்னு சங்கத்துல முறை வச்சதே அவருதாண்ணே.”

பின்கொம்பைச் சுமந்த மைத்துனர் பால்பாண்டி குரல் கொடுத்தார். “மாப்ள, ஒங்க வயலு காஞ்சப்பவே முறைய மாத்தாத மனுசன். தனக்குன்னா மாத்தச் சொல்லுவாராக்கும்?”

பேயாண்டிக்கு அது மறக்கவில்லை. அந்த வருடம் அவர் வாய்விட்டுக் கேட்டும் தம்பி கையெடுத்துக் கும்பிட்டு, முடியாது என்றுவிட்டான். பயிர் கருகியது. அறுப்பு முடியும்வரை அவனோடு அவர் பேசவில்லை. ஆனால் அடுத்த கோடையில் கண்மாய் தூர்வார ஆள் கூப்பிட்டபோது, முறை தவறாமல் தண்ணீர் பெற்ற கடைமடைக்காரர்கள்தான் முதலில் மண்வெட்டியோடு வந்து நின்றார்கள். இன்றைக்குச் சுற்றுவட்டத்தில் பாதிக் கண்மாய்களில் கருவேலம் மண்டிக் கிடக்கிறது. இந்த ஊரில் பேரன்மார் காலத்திலும் நெல் விளைகிறது.

பின்னால் கூட்டம் பொறுமையாக நின்றது. அவர் ஒரு வார்த்தை சொன்னால் காளையால் மறுக்க முடியாது என்பது எல்லோருக்கும் தெரியும்.

பேயாண்டி ஒற்றைக் கையால் வேட்டியைத் தூக்கிச் செருகினார்.

“சங்க ஊதச் சொல்லு,” என்றார். “எறங்குங்கப்பா. யாரும் தண்ணிய மறிச்சு நிக்காதீக.”

முதல் காலை அவரே வைத்தார். சேறு கணுக்காலை விழுங்கியது. முதுகு வளையாமல் நடந்தார். தண்ணீர் அவர் முழங்காலில் மோதிப் பிரிந்து, பின்னால் மறுபடியும் சேர்ந்து, கடைமடையைப் பார்த்து ஓடியது.