வெள்ளைச் சாந்தில் பதிந்த கடி

"கடிங்க. கடிச்சபடியே இரிங்க. சிரிக்க வாணாம்" என்றார் இரத்தினபுரிப் பல் டாக்டர். அப்படிச் சொன்னதுமே றுகையாவுக்குச் சிரிப்பு முட்டியது. பல்லில்லாத ஈறுகளில் பொருத்திய இரண்டு தட்டுகளுக்கும் நடுவே வெள்ளைச் சாந்து. அது இறுகும்வரை தாடை அசையக்கூடாது. பக்கத்தில் நின்ற புருஷன் நுஹ்மானின் கையைப் பிடித்து நறுக்கென்று கிள்ளினாள்.

கிள்ளாமல் என்ன செய்வாள்? முதல் தடவை டாக்டர் அவள் கடியின் அச்சை மெழுகில்தான் எடுத்தார். கட்டுப்பல் செய்வது கொழும்புப் பட்டறையில். ஓப்பநாயக்கவில் இரத்தினக்கல் வியாபாரம் செய்யும் நுஹ்மான், எப்படியும் கல்லோடு கொழும்புக்குப் போகிறவர், மெழுகையும் நானே கொண்டுபோகிறேன் என்று வாங்கிக்கொண்டார். கல்காரர்கள் விலைமதிப்பானதைப் பெட்டியில் வைப்பதில்லை. இடுப்பு வாரில், உடம்போடு ஒட்டித்தான் வைப்பார்கள். நீலக்கல்லுக்கு அதனால் ஒன்றும் ஆவதில்லை. மெழுகு ரயில் புழுக்கத்திலும் உடம்புச் சூட்டிலும் இளகி, கண்ணுக்குத் தெரியாமல் வளைந்துவிட்டது. பட்டறைக்காரர்கள் அதை நம்பிப் பல் அடுக்கினார்கள். போட்டுப் பார்த்தால் இடப்பக்கம் இடிக்கிறது, வலப்பக்கம் அரிசி நுழைகிற இடைவெளி.

"இது என்ட கடி இல்ல டாக்டர், இவங்கட தொப்பைட கடி" என்றாள் றுகையா அன்று.

"சாந்து இறுகினா இறுகினதுதான்" என்று சொல்லியே டாக்டர் இம்முறை தொடங்கினார். "முதலாளி இடுப்புல கட்டினாலும் வளையாது."

அவளுக்கு ஒரே ஆசைதான். விருந்தில் ஆறு பெண்கள் சஹன் எனும் ஒரே பெரிய தட்டைச் சுற்றி உட்கார்ந்து சாப்பிடும்போது, அவள் ஒரு இறைச்சித் துண்டை மெல்வதற்குள் மற்றவர்கள் கை கழுவிவிடுவார்கள். அதனால் எந்தக் கலியாணத்திலும், "நான் பொறகு திங்கிறன்" என்று குசினியிலேயே நின்றுவிடுவாள். பெருநாள் கழிந்து மகள் பளீலாவின் நிக்காஹ். "மகள்ட கலியாணத்திலயாச்சும் சஹன்ல இரிக்கணும்" என்று ரயிலிலும் சொல்லிக்கொண்டு வந்தாள்.

அந்த வாரமே அவளுக்குக் காய்ச்சல் கண்டது. அந்த வருஷம் காய்ச்சல் புகாத வீடில்லை. கொய்னா மருந்து கொடுத்தும் உடம்பு தாங்கவில்லை. ஒரு வெள்ளிக்கிழமை, ஜும்ஆத் தொழுகைக்குப் பின் அவளை அடக்கிவிட்டு வந்தார்கள்.

நோன்பின் கடைசிப் பத்தில் இரத்தினபுரிக்குப் போன நுஹ்மானை டாக்டர் வாசலிலேயே கண்டு கூப்பிட்டார்.

"செட் வந்திட்டுது. உங்கட நோனா வரல்லியா?"

நுஹ்மான் சொன்னார். டாக்டர் மேசைக்குப் போய், அவள் ஈறுகளின் அச்சோடு பித்தளைக் கீல் சட்டத்தில் ஏறியிருந்த பல் செட்டைத் துணியால் மூடப் பார்த்தார்.

"மூட வாணாம். சரியா வந்திரிக்கா? அத மட்டும் பாத்துச் சொல்லுங்க."

டாக்டர் மெல்லிய சிகரெட் காகிதத்தில் ஒரு துண்டு கிழித்து, வலப்பக்கப் பற்களுக்கு இடையே வைத்துச் சட்டத்தை மூடினார்.

"இழுங்க. கடி சரியெண்டா காகிதம் வராது."

நுஹ்மான் மெதுவாக இழுத்தார். வரவில்லை. இன்னும் கொஞ்சம் இழுத்தார். காகிதம் கிழிந்து பாதி அவர் விரலில் வந்தது. மறுபாதி பற்களுக்கு நடுவே அசையாமல் இருந்தது.